தீர்மான நோட்டில் ஏறாத நேரம்

கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அவை. கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று பள்ளத்தாக்கின் ஊர்களில் இது அன்றாடக் காட்சி. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, மடியில் தூக்குவாளி. இடத்தைவிட ஆள் அதிகம் என்பதால் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடிதான் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மலையில் காய் எடுப்பு, கவாத்து, களையெடுப்பு என்று பகல் போகும். திரும்பி வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

அந்தத் தூக்குவாளிச் சோற்றை அவள் எத்தனை மணிக்கு வடித்தாள்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு என்ன எடுத்து வைத்துவிட்டு வந்தாள்? குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள்? ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசுகிற யாரும் இவற்றைக் கேட்பதில்லை. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் கிலோ இன்ன விலை என்று முடிவாகும்போது, விடியற்காலை அடுப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இதே பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் மாலை சுயஉதவிக் குழுக் கூட்டம். ஊர்ச் சாவடியிலோ கோயில் வாசலிலோ பாய் விரித்து உட்கார்வார்கள். குழுவை நடத்துகிற ஊக்குநர் தீர்மான நோட்டைப் பிரிப்பார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, சந்தா எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி எவ்வளவு வந்தது எல்லாம் நோட்டில் ஏறும். கடைசியில் வரிசையாகக் கையெழுத்து, சிலருக்குக் கைநாட்டு. அந்த நோட்டிலும் ஏறாத ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்வதற்காக ஒவ்வொருத்தியும் எங்கிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்த நேரம்தான் அது.

சுயஉதவிக் குழு, பால் சொசைட்டி, கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களே பங்குதாரர்களாக இருக்கிற கம்பெனி ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்து இன்று உலக அளவில் ஒரு பெயர் வழங்குகிறது: சமூக ஒத்துழைப்புப் பொருளாதாரம். லாபத்துக்கு முன்னால் மனிதர், பணத்தின் அளவைப் பார்க்காமல் ஆளுக்கு ஒரு ஓட்டு, சேர்வதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்பவை அதன் அடிப்படை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூன் மாநாட்டில் இதைப் பற்றித் தீர்மானம் போட்டது. 2023 ஏப்ரல் 18 அன்று ஐ.நா. பொதுச் சபையும் இதற்கென்று முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது.

பெயர்தான் புதிது. நடவுக்கு ஆளுக்கு ஆள் மாற்றிப் போவது, தெருவுக்குள் சீட்டுப் பிடிப்பது, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற ஒத்துழைப்புதான். மொய் நோட்டில் ஏறுவது பெரும்பாலும் வீட்டு ஆண் பெயர். எந்த வீட்டுக்கு எவ்வளவு செய்தோம், எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்று மனதில் வைத்திருப்பது பெண். பெண்ணியப் பார்வை என்று சொல்வது இந்த இடைவெளியைக் கவனிக்கிற பார்வையைத்தான். சேர்ந்து செய்கிற எந்த ஏற்பாட்டையும் பார்த்து அது சில கேள்விகள் கேட்கும். வேலை யாருடையது, பெயர் யாருடையது, பணம் யார் கையில் நிற்கிறது, முடிவு எடுக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

முதலில் குழுக்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேனி 1996 வரை மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பிறகு மதுரைக்கும் வந்தது. அதே காலத்தில் மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்ற பெயரில் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் உருவாகின. பிரதான் அமைப்பு தொடங்கிய அந்த வேலையை 1997-இல் பிறந்த தானம் அறக்கட்டளை எடுத்து வளர்த்தது. நபார்டு வங்கி 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

களஞ்சியத்தின் முகமாக நாடு அறிந்தவர் அழகர்கோயில் பக்கத்துப் புல்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப் போய், நிலக்காரரிடம் எல்லோருக்கும் சேர்த்துக் கூலி பேசிய விவசாயக் கூலித் தொழிலாளி அவர். 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்த அன்றைய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் புகைப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் வயல் வரப்பில் நின்று கூலி பேசிய காலம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அவரைத் தலைவியாக்கியது வயல் வேலைதான். குழு பிறகு வந்தது.

குழுவின் பணம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதன் மதிப்பு தெரியும். 12 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200, வருடம் 14,400. இந்தப் பணம் சும்மா இருக்காது. சேரச் சேர உள்ளுக்குள்ளேயே கடனாகப் போகும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், முழுப் பணமும் சுழலும் பட்சத்தில், முதல் வருடமே 1,800 ரூபாய்க்கு மேல் வட்டி வரும். இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம், ஒன்றும் குறைந்த வட்டி இல்லை. வெளியே பத்து வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 120 சதவீதம். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் வாங்குவது குழு வட்டிக்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கும். ஆனால் கம்பெனிக்குக் கட்டுகிற வட்டி ஊரைவிட்டுப் போய்விடும். குழுவுக்குக் கட்டுகிற வட்டி கட்டியவளுக்கும் சேர்த்துப் பொதுவாகத் திரும்பி வரும். ஒத்துழைப்புப் பொருளாதாரம் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கிற உயிர்நாடி இதுதான்.

இதன் மிகச் சிறந்த உதாரணம் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. வைகை பிறக்கிற வருசநாட்டு மலைகளுக்குக் கீழே, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு ஊர்களை உள்ளடக்கியது கடமலை வட்டாரம். முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்ந்து இரண்டு போகம் விளைகிற கம்பம் பக்கத்துச் செழிப்பு இங்கே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி வெகு தூரம். சேமிப்புக் குழுக்களில் கடன் கேட்கிற காரணங்களில் வைத்தியச் செலவு எப்போதும் முன்வரிசையில் நிற்கும். ஒரு பிரசவம் சிக்கலானால், ஒரு ஆபரேஷன் வந்தால், வருடக்கணக்கில் சேர்த்தது ஒரு வாரத்தில் கரைந்துபோகும். இங்கேயுள்ள களஞ்சியக் குழுக்களின் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டில் தன் உறுப்பினர்களுக்காக ஒரு மருத்துவக் காப்பீட்டை ஆரம்பித்தது. ஆளுக்குக் கொஞ்சம் ஆண்டுச் சந்தா. படுத்தவருக்கு அந்தப் பொதுப் பணத்திலிருந்து உதவி. இந்தியாவில் மக்களே நடத்திய மருத்துவக் காப்பீடுகளை ஆராய்ந்தவர்கள் எடுத்துப் பேசுகிற முன்னோடிகளில் இதுவும் ஒன்று. தமிழக அரசின் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009 ஜூலையில். அரசுக்கு ஒன்பது ஆண்டு முன்பே, பெரும்பாலும் கூலி வேலை செய்கிற பெண்கள் தங்கள் சந்தாவால் இதைக் கட்டிப் பார்த்துவிட்டார்கள்.

கடன் கொடுக்கத்தான் குழு என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைத்தார்கள். பெண்கள் அதை உடம்பைப் பார்த்துக்கொள்கிற இடமாக மாற்றினார்கள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ராத்திரி விழித்திருக்கிறவளுக்குத்தான் வைத்தியச் செலவு குடும்பத்தை எப்படி உடைக்கும் என்று தெரியும். பணம் ஒரு பக்கம், பராமரிப்பு ஒரு பக்கம் என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பொருளாதாரக் கணக்குதான் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் மர்லின் வேரிங் 1988-இல் எழுதிய புத்தகம் இதைத்தான் தாக்கியது. ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்குப் பார்க்கும்போது, விலைக்கு விற்காத பெண்களின் வேலை முழுவதையும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்றார் அவர். நம் நாட்டில் தேவகி ஜெயின் அதற்கு முன்பே, 1970-களில், ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் கிராம வீடுகளில் யார் எத்தனை மணி நேரம் என்ன வேலை செய்கிறார்கள் என்று உட்கார்ந்து எண்ண வைத்தார். இன்று இந்திய அரசே அந்தக் கணக்கை எடுக்கிறது. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் பெண்களின் நேரம் 299 நிமிடமாக இருந்தது. ஐந்து வருடத்தில் குறைந்தது பத்தே நிமிடம்.

இப்போது சாவடிக்குத் திரும்பி வருவோம். 12 பேர், வாரம் ஒரு மணி நேரக் கூட்டம் என்றால் வருடத்துக்கு 624 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 78 நாள் கூலி. இதில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் வங்கிக்கு அலைகிற நாள்கள் சேரவில்லை. மேனேஜர் வரட்டும் என்று காத்திருந்த நேரம் சேரவில்லை. கட்டாதவர் வீட்டு வாசலில் போய் நின்று, உறவும் முறியாமல் பணமும் வராமல் போகாமல் பேசித் திரும்பிய சங்கடத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. வங்கி ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகக் கடன் கொடுத்து வசூலிப்பதாக இருந்தால் இத்தனை வேலைக்கும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். குழு என்று வந்ததும் அந்த வேலை பெண்கள் தலையில் இலவசமாக ஏறியது. தமிழகச் சுயஉதவிக் குழுக்களை ஆராய்ந்து எழுதியிருக்கும் சென்னை ஐஐடி பேராசிரியர் கல்பனா கருணாகரன் போன்றவர்கள் குழுக்களின் இந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள்.

அரசும் இதில் வங்கிக்குக் குறைந்ததில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது முகக்கவசம் தைத்தது குழுப் பெண்கள். விழிப்புணர்வு ஊர்வலமா, கணக்கெடுப்பா, அமைச்சர் வருகைக்கு ஆள் சேர்க்க வேண்டுமா, முதல் போன் ஊக்குநருக்குத்தான் வரும். ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்பதாலேயே சம்பளமில்லாமல் கூப்பிட வசதியாக இருக்கிறார்கள். இதைச் சேவை என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இதைவிடக் கனமான வேலை ஒன்று இருக்கிறது. கடனைச் சமாளிக்கிற வேலை. மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் வாரக் கடன் கட்டுகிற வீட்டில் டியூ நாளுக்கு முந்தின ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மழையால் இரண்டு நாள் மலைக்கு ஜீப் போகவில்லை. கையில் 300 ரூபாய். நாளைக்குக் கட்ட வேண்டியது 800. அவள் பக்கத்து வீட்டுக்குப் போவாள்.

"மதினி, நாளைக்கு டியூ. ஒரு ஐநூறு இருந்தாக் குடுங்க, சனிக்கிழமை கூலி வாங்குனதும் குடுத்துர்றேன்."

"எனக்கும் செவ்வாக்கிழமை டியூ இருக்குடி. முந்நூறு தர்றேன், தவறிறாத."

இன்னும் 200 வேண்டும். கடையில் அரிசிக்குக் கடன் சொல்லிவிட்டு, அரிசிக்கென்று தனியாக வைத்திருந்த 200-ஐ எடுப்பாள். யாரிடம் எவ்வளவு, எந்தக் கிழமைக்கு, யாருக்குத் தெரியக் கூடாது என்பதெல்லாம் அவள் தலைக்குள் ஓடும். ஒரு வரவு செலவுக் கணக்கர் செய்கிற வேலைக்கு இது சற்றும் குறைந்ததில்லை. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் மூவரும் தமிழகக் கிராமங்களில் பல ஆண்டு ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்ட நூல் இதை உழைப்பு என்றே அழைக்கிறது. சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது மாதிரி, கடன் தேடுவதும் சுழற்றுவதும் அடைப்பதும் குடும்பத்தைக் காப்பாற்றப் பெண் செய்கிற சம்பளமில்லாத வேலை என்பது அவர்கள் வாதம். படித்தபோது, நம் தெருவில் தினம் பார்க்கிற ஒன்றுக்குக் கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது என்று தோன்றியது.

குழுவும் வாரக் கடனும் ஒன்று போலத் தோன்றுவது பெரிய ஆபத்து. இரண்டிலும் பெண்கள் வட்டமாக உட்கார்கிறார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்பதும் இரண்டிலும் உண்டு. ஆனால் சுயஉதவிக் குழுவில் சேமிப்பு அவர்களுடையது, வட்டி விகிதத்தை முடிவு செய்வதும் அவர்கள். வாரக் கடனில் ஒற்றுமை என்பது கம்பெனிக்கு ஜாமீன் மட்டுமே. ஒரு குடும்பம் மாதம் கட்டுகிற எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டது. மிரட்டிக் கடன் வசூலிப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. பாதி வருமானம் என்ற எல்லையே அதிகம் என்பது என் எண்ணம். கூலி நிச்சயமில்லாத வீட்டில் பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் என்ன பொங்குவது?

பெயர் யாருடையது என்ற கேள்விக்குப் பால் சொசைட்டி வாசலில் பதில் கிடைக்கும். ஆண்டிபட்டி, கடமலைப் பக்கத்தில் மானாவாரி பொய்த்தாலும் வீட்டை நிறுத்துவது மாடு. புல் அறுத்து வருவது, சாணி அள்ளுவது, தண்ணி காட்டுவது, ஈனும்போது ராத்திரி பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பெண்ணின் வேலை. பால் அட்டையில் இருப்பதோ பல வீடுகளில் கணவர் பெயர். பெயர் இல்லாதவர் உறுப்பினர் ஆக முடியாது. உறுப்பினர் ஆகாதவருக்கு ஓட்டு இல்லை, நிர்வாகக் குழுவில் இடமும் இல்லை. நிலத்திலும் இதே கதைதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழகம் 1989-லேயே சட்டம் போட்டது, மத்திய அரசுக்கு 16 ஆண்டு முன்னால். சட்டம் வந்து தலைமுறை ஒன்று தாண்டிவிட்டது. பட்டா இல்லாமல் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டு நிற்கிற பெண் இன்னும் நிற்கிறாள்.

சமையலுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சமைக்கிறவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். ரவா உப்புமா, கிச்சடி, வெண்பொங்கல், சாம்பார். எனக்கு மிகவும் பிடித்த திட்டம் இது. மலைக்கு ஜீப் ஏறுகிற தாயின் தோளிலிருந்து ஒரு வேளைச் சமையலை இறக்கி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் மறைந்திருந்த ஒரு வேலை பொதுவுக்கு வந்து, அதற்குக் காசும் கிடைக்கிறது. பெரு நாட்டின் லிமா நகரச் சேரிகளில் 1970-களின் இறுதியில் பெண்கள் சேர்ந்து நடத்தத் தொடங்கிய பொதுச் சமையற்கூடங்களைப் பெண்ணியர்கள் கொண்டாடுவது இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருவதற்குள் சூடாகத் தயாராக வேண்டும் என்றால் அந்தச் சமையல்காரப் பெண் விடியுமுன் அடுப்பு பற்றவைக்க வேண்டும். அவள் வீட்டு அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள்? அநேகமாக மாமியார் அல்லது மூத்த மகள். அவளுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறோம். மதிப்பு என்ற சொல்லை முன்னால் போட்டுவிட்டதால் ஊதியம் குறைவாக இருக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. தாய்மையோடு சமைக்கிறார்கள் என்ற பாராட்டைவிட வேலைக்குத் தகுந்த கூலி, மருத்துவ விடுப்பு, வருங்கால வைப்பு நிதி இவை அவர்களுக்குச் சேர வேண்டியவை.

தொழிலாளர்கள் பங்குதாரர் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். போடியிலிருந்து மலையேறினால் மூணாறில் அதற்குப் பதில் இருக்கிறது. அங்கேயுள்ள தேயிலைத் தோட்டங்களை 2005-இல் ஏற்ற கண்ணன் தேவன் கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதி அதன் ஊழியர்கள், தொழிலாளர்கள் பெயரில் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தென் தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பங்களின் பெண்கள். 2015-இல் போனஸைக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களைக் கிட்டேயே விடவில்லை. எங்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி எங்களைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள் என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாளில் வென்றது. போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், ஆக 20 சதவீதம். அதைத் தொடர்ந்த கூலிப் பேச்சில், அக்டோபரில், கேரளத்தில் தேயிலைத் தொழிலாளர் தினக்கூலி 301 ரூபாயாகவும் ஏலத்தோட்டக் கூலி 330 ரூபாயாகவும் முடிவானது. கம்பத்து ஜீப்பில் ஏறுகிற பெண்ணின் கூலியும் மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்ணால் அசைந்தது.

பங்குப் பத்திரம் கையில் இருந்தும் அவர்களுக்குப் பேச இடமில்லை. இடத்தைச் சாலையில் உட்கார்ந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உடைமை மட்டும் போதாது, முடிவெடுக்கிற மேசையில் நாற்காலி வேண்டும் என்று பெண்ணியர்கள் சொல்வதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்கள். பெண்களின் ஊதியமில்லாத உழைப்பை ஏற்கும் தொகை என்று விளக்கமும் சொன்னார்கள். 1972-இல் ஐரோப்பாவில் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு இயக்கம் தொடங்கிய பெண்களின் கேள்வி, அரை நூற்றாண்டு கழித்து நம் ரேஷன் கடை வாசலில் விண்ணப்பப் படிவமாக வந்து நின்றது. நாளுக்கு 289 நிமிடம் என்ற கணக்கில் மாதம் சுமார் 145 மணி நேரம். 1,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வராது. தொகை சிறிது. ஆனால் அந்தச் சொல் பெரிது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க முடியும்.

குழுக்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புருசனுக்குத் தெரியாமல் பத்து ரூபாய் வைத்திருக்க அடுக்குப்பானையைத் தவிர வேறு இடமில்லாத பெண்ணுக்கு வங்கிக் கணக்கு கொடுத்தது குழு. கூட்டத்தில் வாய் திறந்து பேசப் பழக்கியது குழு. கடமலைப் பெண்கள் கட்டிய காப்பீடு குழுவிலிருந்துதான் முளைத்தது. குழுவை நேசிப்பதால்தான் அது பெண்களின் நேரத்தைத் தின்று வளரக் கூடாது என்று சொல்கிறேன். ஊக்குநருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் குழு நிதியிலிருந்தோ கூட்டமைப்பிலிருந்தோ ஊதியம் கொடுக்கலாம். அரசு வேலைக்குக் கூப்பிட்டால் நாள் கூலி கேட்கலாம். ஜீப் கிளம்புகிற நேரத்துக்கும் அங்கன்வாடி திறக்கிற நேரத்துக்கும் நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை வீட்டுப் பிரச்சினையாக விடாமல் ஊர்ப் பிரச்சினையாக்கலாம். கூட்டம் நடக்கிற ஒரு மணி நேரம் வீட்டில் அடுப்பை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு எந்தத் திட்டமும் அரசாணையும் தேவையில்லை.

குழுவில் இருக்கிற சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். இந்த வாரம் குழு வேலைக்கு யார் எத்தனை மணி நேரம் கொடுத்தார், வங்கிக்கு எத்தனை முறை போனார், பஸ்ஸுக்கு எவ்வளவு ஆனது என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும். மூன்று மாதம் எழுதிய பின் கூட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் அங்கே எழுந்து பேசலாம், பேசியதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம்.